ஒன்பது பங்குனியும் பொருந்திய கணக்கு

கந்தளாய்க் குளத்துக்கு நாங்கள் இருவரும் ஒன்பது பங்குனிகள் போனோம். ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாவது ஞாயிறன்று காலை ஏழே காலுக்கும் பத்தரைக்கும் இடையில் முதல் எட்டும் என் கையை விட்டுப் போயின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலையில் நில அளவைக் கந்தோரில் இருபத்தாறு வருடம் கணக்குப் பார்த்தவன் நான். நிலத்தை அளந்தவன் இல்லை. அளக்கிறவர்கள் காட்டுக்குள் போய் அளந்து வருவார்கள். அவர்களுடைய புத்தகத்தில் உள்ள எண்களைக் கூட்டிக் கழித்துச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு மேட்டின் உயரத்தை எடுக்கிறவர் போகும்போது ஒருமுறை அளப்பார், திரும்பும்போது ஒருமுறை அளப்பார். இரண்டும் ஒன்றாக வருவதில்லை. அந்த வித்தியாசத்தை எழுதுவதற்கென்றே பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு நிரல் உண்டு. பிழை என்று அதற்குத் தலைப்பு. பிழை நிரல் முழுவதும் பூச்சியமாக வந்தால் நான் புத்தகத்தைத் திருப்பி அனுப்புவேன். அந்த ஆள் திரும்பி வரும்போது அளக்கவில்லை, மரநிழலில் இருந்து எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். அப்படி நான் திருப்பி அனுப்பிய புத்தகங்கள் நாற்பத்தொன்று. கந்தோரில் என்னை விரும்பியவர்களின் தொகை அதற்குக் கிட்டவும் வராது.

வரைபடம் அச்சாகி வரும்போது அளந்தவரின் பெயர் மூலையில் இருக்கும். வரைந்தவரின் பெயரும் இருக்கும். கணக்குப் பார்த்தவனின் பெயர் இருக்காது. இருபத்தாறு வருடத்தில் ஒரு வரைபடத்திலும் இல்லை. இதைச் சொல்லிப் புலம்புவதாக என் மனைவி சொல்லுவாள். புலம்பவில்லை, எண்ணிச் சொல்கிறேன்.

கூட வந்தவர் துறைமுகத்தில் டாலி கிளாக்கராக இருந்தார். கப்பலிலிருந்து அரிசி மூட்டையோ மா மூட்டையோ இறங்கும்போது பக்கத்தில் நின்று எண்ணிக் குறிக்கிற வேலை. பட்டினத்து முஸ்லிம் குடும்பம். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் ஊர் வழக்கப்படி, முஸ்லிம்கள் அண்ணனுக்குச் சொல்லும் சொல்லால், நான் அவரை நானா என்றே கூப்பிட்டேன். முதல் தரம் கூப்பிட்டபோதே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நானா? நீங்களா? ஆரைக் கூப்பிட்டீங்க சேர்?" என்று கேட்டார். அந்தப் பகிடியை அதற்குப் பிறகு என்னிடம் பதினைந்து தரமாவது விட்டிருப்பார். ஒவ்வொரு தரமும் புதிதாகச் சிரிப்பார்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு தூரக்கண்ணாடிகள் இருந்தன. பிரித்துக் கொடுக்கமாட்டோம் என்றார்கள். எனக்கும் ஒன்றுதான் வேண்டும், பக்கத்தில் நின்றவருக்கும் ஒன்றுதான் வேண்டும். இருவருமாகச் சேர்ந்து எடுத்தோம். அவர்தான் நானா. அதன் பிறகு பல வருடங்கள் கடற்கரையில் கண்டால் கதைப்போம். எப்போதாவது சேர்ந்து நடந்துபோய்க் கடற்பறவைகளைப் பார்ப்போம். எண்ணவில்லை.

எண்ணலாம் என்று சொன்னவன் நான். மாரி முடிந்து குளம் நிறைந்து நிற்கும் பங்குனியில், தாராக்கள், அதாவது வெளிநாட்டுக் காட்டு வாத்துகள், வடக்கே திரும்பிப் போவதற்கு முன்பாகக் கந்தளாய்க் குளத்தில் கூடும். கடற்கரையில் இருக்கிற எங்களுக்குக் கந்தளாய் உள்நாடு, காற்றே வேறு. அங்கே ஒரு குறித்த ஞாயிற்றுக்கிழமை போய், ஒரு குறித்த நேரத்தில், தண்ணீரில் எத்தனை தாரா, எத்தனை கூழைக்கடா, எத்தனை நாரை என்று வருடா வருடம் எண்ணினால் அது ஒரு கணக்காக நிற்கும் என்றேன்.

"ரெண்டு பேரும் சேந்து எண்ணுறதா?" என்று நானா கேட்டார்.

"இல்லை. தனித்தனியாக. நான் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். எண்ணி முடியும்வரைக்கும் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கக்கூடாது. பிறகு ரெண்டையும் வைச்சுப் பார்க்கலாம்."

"ஓ, கப்பல்ல மாதிரி," என்றார். "கப்பலுக்கு ஒரு கிளாக்கர், கரைக்கு ஒரு கிளாக்கர். விளங்குது சேர்."

விளங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கி, குளக்கட்டில் ஏறுவோம். கட்டின் ஒரு வளைவில் நான் இருக்கும் பாறாங்கல். அங்கிருந்து தண்ணீர் திறந்துவிடும் துருசு வரைக்கும் என் காலடியில் ஆயிரத்து நூற்று நாற்பது. துருசுப் பக்கம் நானாவுக்கு. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே தண்ணீர் தெரியும். ஆனால் இடையில் வளைவும் மரங்களும் இருந்ததால் ஒருவரை ஒருவர் தெரியாது. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிப்போம். பிறகு நடுவில் ஒரு மருத மரத்தின் கீழ் இருந்து, என் மனைவி கட்டித் தந்ததைச் சாப்பிட்டுவிட்டு, கொப்பிகளைத் திறப்போம்.

நான் மூத்தவன் என்று நானா என்னை முதலில் வாசிக்கச் சொல்லுவார். முதல் வருடம் நான், "தாரா நானூற்று எழுபது," என்றேன். அவர் தன் கொப்பியை முழங்காலில் நிமிர்த்தி வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு நானூத்தி எழுவத்தி மூணு," என்றார். "கூழைக்கடா அறுபத்திரண்டு." "எனக்கும் அதே." "நாரை நூற்றெட்டு." "நூத்தியாறு சேர். பொருத்தமா?"

பொருத்தம் என்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானூற்று எழுபதில் மூன்று! இரண்டு கிழடுகள், வெறும் தூரக்கண்ணாடி, அரை மைல் இடைவெளி, அசைந்துகொண்டே இருக்கும் பறவைகள். எங்கள் கந்தோரில் பயிற்சி பெற்றவர்களே இப்படி எடுக்கமாட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இதே மாதிரித்தான். நான் வாசிப்பேன், அவர் வாசிப்பார், முடிவில் "பொருத்தமா சேர்?" என்று கேட்பார். வித்தியாசங்களை நான் தனி நிரலில் எழுதி வந்தேன். தாராவுக்கு மாத்திரம் சொல்கிறேன்: மூன்று, ஐந்து, இரண்டு, பூச்சியம், நான்கு, மூன்று, ஒன்று, நான்கு. அந்தப் பூச்சியம் வந்த நான்காவது வருடம் நானா, "பத்துப் பொருத்தமும் சரி சேர், இனித் தாலியைக் கட்டலாம்," என்றார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பூச்சியம் கண்டால் புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறவன், அன்றைக்குச் சிரித்துக்கொண்டு அதை அந்த நிரலில் சிவப்பு மையால் எழுதினேன். நாற்பத்தொரு பேரைப் பிடித்தவனுக்கு நாற்பத்திரண்டாவது ஆள் தன் பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிடுவது தெரியவில்லை.

எட்டாவது வருடத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பறவைகளில் அக்கறை உள்ள ஒரு சங்கம். நாட்டிலுள்ள குளங்களின் பறவைக் கணக்குகளைத் தொகுத்து அச்சிடப்போகிறார்கள். ஒரே குளத்தைப் பல வருடம் தொடர்ந்து எண்ணியவர்கள் மிகவும் குறைவு. கந்தளாய்க் கணக்கைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ஒன்பதாவது வருடத்தையும் சேர்த்து அனுப்பினால் எண்ணியவர்களின் பெயரோடு போடுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணியது என்று இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்குப் படிவமும் வைத்திருந்தார்கள்.

எண்ணியவர்களின் பெயரோடு. அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்பதை எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று. பென்ஷன் எடுக்க எனக்கு ஏழு மாதம் இருந்தது. ஒரு கணக்காவது என் பெயரோடு அச்சில் வந்தால் போதும் என்று இருந்தது.

ஒன்பதாவது பங்குனி. வானம் தெளிவாக இருந்தது, காற்றில்லை, தண்ணீர் தகடு மாதிரிக் கிடந்தது. தாராக்கள் நடுக்குளத்தில் ஒரே பெருங்கூட்டமாக நின்றன. குளத்துக்குள் மூழ்கிச் செத்த மரங்களின் கட்டைகள் ஆங்காங்கே நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவிட்டுக்கொண்டு இருந்தன. நான் என் கல்லில் இருந்து தாராவை எண்ணத் தொடங்கினேன்.

என் முறையைச் சொல்லவேண்டும். முதலில் ஒரு ஓரத்தில் பத்துத் தாராவை ஒன்றொன்றாக எண்ணுவேன். அந்தப் பத்து எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அந்த அளவை அப்படியே கூட்டத்தின்மேல் நகர்த்திக்கொண்டு போவேன். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு புளியங்கொட்டை, இடது பையிலிருந்து வலது பைக்கு. அன்று ஐம்பத்தொரு கொட்டைகள். ஐந்நூற்றுப் பத்து என்று எழுதி முடித்தபோது ஏழே கால்.

அப்போதுதான் துருசுப் பக்கமிருந்து ஆட்காட்டிக் குருவி கத்தத் தொடங்கியது. ஆள் அசையாமல் இருந்தால் அது கத்தாது. நடமாட்டம் கண்டால்தான் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். கொஞ்சம் நின்று, மறுபடி கத்தியது. இப்போது இன்னும் தள்ளி, கரையோரமாக. நானா இருக்கவேண்டிய இடத்தில் யாரோ நடந்து திரிகிறார்கள். மாட்டுக்காரனோ, மீன் பிடிக்கிறவனோ, நானாவின் கண்ணுக்கு முன்னால் தாராவைக் கலைத்துவிடப்போகிறான் என்று எனக்குப் பதற்றம். விதியை மீறி எழுந்து கட்டின் மேல் நடந்தேன். அறுநூறு அடி வைக்குமுன் வளைவு திரும்பியது.

துருசடியில் ஒருவரும் இல்லை. கீழே, தண்ணீரோரக் கற்கரையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானா குப்புறப் படுத்திருந்தார். தூரக்கண்ணாடி கல்லின் மேல் அதன் உறைக்குள்ளேயே கிடந்தது. நான் கிட்டப் போனதும் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. கையால் மெதுவாக வா என்று காட்டினார்.

"சேர், சத்தம் போடாம வாங்க. ஆட்காட்டிட முட்டை. வெறும் கல்லுக்குள்ள போட்டிரிக்கு பாருங்க. முட்டை எது கல் எது எண்டு தெரியாது. நாலு!"

"தாரா எத்தனை, நானா?"

"இதைத்தான் எண்ணின. நாலு," என்று சிரித்தார்.

"பகிடி விடாதீங்கோ. தாராவை எண்ணி முடிச்சிட்டீங்களோ?"

"இனித்தானே சேர். சாப்பிடேக்க பாப்பம்."

சாப்பிடேக்க பாப்பம். கொப்பியைக் கேட்டேன். அவர் ஒரு தயக்கமும் இல்லாமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். எட்டு வருடமும் ஒரே கொப்பிதான். எட்டுப் பக்கம். நான் நின்றபடியே வாசித்தேன். முதல் பக்கம்: "பங்குனி. வந்தோம். மழையில்லை. இடியப்பம், சம்பல் உறைப்பு." இரண்டாம் பக்கம்: "வந்தோம். பஸ் பிந்தியது. சேருக்குத் தடிமன்." நான்காம் பக்கம், அந்தப் பூச்சியம் வந்த வருடம்: "வந்தோம். சேர்ட வீட்டுப் புட்டு. உப்புக் கூடிப்போச்சு."

ஒரு பக்கத்திலும் ஒரு எண் கூட இல்லை.

"இதிலே பார்த்துத்தானே வாசிச்சனீங்கள்," என்றேன். "நானூற்று எழுபத்து மூன்று எண்டு. ஐந்நூற்று இருபத்தெட்டு எண்டு. எங்கை அதெல்லாம்?"

"நீங்க சொன்னதை வெச்சுத்தான் சேர். நீங்க நானூத்தி எழுவது எண்டா நான் ஒரு மூணைக் கூட்டிச் சொல்லுவன். அச்சொட்டா ஒண்டாச் சொன்னா நல்லா இரிக்காதே. ஒரு தரம் மறந்துபோய் அதையே சொல்லிட்டன், அதுக்குத்தான் நீங்க கனக்கச் சந்தோசப்பட்டீங்க."

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அவரும் எழும்பி வந்து பக்கத்தில் இருந்தார். நான் ஏதோ தலைச்சுற்றில் இருக்கிறேன் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார். நான் வாங்கவில்லை.

"கப்பல்ல மாதிரி எண்டு சொன்னனீங்களே," என்றேன்.

"ஓம், கப்பல்ல மாதிரித்தான்." அவருக்குத்தான் இப்போது விளங்கவில்லை. "கப்பல் கிளாக்கர் ஒரு கணக்குச் சொல்லுவான், கரைக் கிளாக்கர் ஒரு கணக்குச் சொல்லுவான். பொருந்தாட்டி என்ன நடக்கும் தெரியுமா? அவ்வளவு மூட்டையையும் திருப்பி எண்ணோணும். கூலிக்காரங்கள் ஏசுவாங்கள், கப்பல்காரன் குதிப்பான், நாங்க வெயிலுக்க நிப்பம். அதால ஒருத்தன் முன்னுக்குச் சொல்லுவான், மத்தவன் பொருத்துவான். ரெண்டு கிளாக்கரும் பொருத்திக் கையெழுத்து வெச்சாத்தான் கப்பல் போகும். அதுதான் சேர் வேலையே. பொருத்தத் தெரியாதவனை ஒரு மேஸ்திரியும் கூப்பிடமாட்டான்."

"இது கப்பல் இல்லை நானா. தாரா."

"அதுதான் நானும் சொல்றன். முப்பது வருசமா மூட்டை எண்ணுறன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வாறது. குருவியையுமா எண்ணோணும்?"

நான் அப்போது செய்ததை இன்றைக்கும் நியாயம் என்றே நினைக்கிறேன். அவரை எழுப்பி, தூரக்கண்ணாடியை உறையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, இப்போது எண்ணுங்கள் என்றேன். என் முன்னால், இதே இடத்தில் நின்று எண்ணுங்கள். நானும் எண்ணுகிறேன். நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

அவர் கோபிக்கவில்லை. கல்லில் இருந்து, பென்சிலை எடுத்து, கொப்பியின் ஒன்பதாவது பக்கத்தை முழங்காலில் வைத்தார். என்னைப் போல் அளவை நகர்த்தவில்லை. இரண்டு இரண்டாக எண்ணினார். கண் தண்ணீரில் இருக்க, கை தானாகக் கோடு போட்டது. நான்கு கோடு, அதன்மேல் குறுக்கே ஒன்று. நான்கு கோடு, குறுக்கே ஒன்று. அந்த வேகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. பதினேழு நிமிடத்தில் நிமிர்ந்தார்.

"அறுநூத்தி நாப்பத்தியாறு," என்றார்.

என் வலது பையில் ஐம்பத்திரண்டு கொட்டைகள் இருந்தன. ஐந்நூற்று இருபது.

"நீங்கள் விளையாடுறீங்கள்," என்றேன்.

"இல்ல சேர்."

மறுபடி எண்ணினோம். அவருக்கு அறுநூற்று நாற்பத்திரண்டு. எனக்கு ஐந்நூற்றுப் பத்து. அவர் பென்சிலின் முனையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டில் எது பிழை என்று அறிய ஒரு வழிதான் இருந்தது. நடுவில் இரண்டு செத்த கட்டைகளுக்கு இடையில் ஒரு சிறு கூட்டம் தனியாக நின்றது. அதை மாத்திரம் என் முறையில் எண்ணினேன்: எண்பது. அவர் தன் முறையில்: நூற்றுமூன்று. பிறகு இருவருமாக, இடது கட்டையிலிருந்து, ஒவ்வொன்றாக, வாய்விட்டு, சின்னப்பிள்ளைகள் மாதிரி எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டால் அது வெளியே வரும்வரைக்கும் நின்று எண்ணினோம்.

நூற்றொன்று.

என்னுடைய பத்து, பத்தாக இருக்கவில்லை. ஓரத்தில் ஐதாக நிற்கிற தாராக்களில் பத்தை எடுத்து, அந்த அகலத்தை நெருக்கமாக நிற்கிற நடுக்கூட்டத்தின்மேல் நகர்த்திக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே அந்த அகலத்துக்குள் பன்னிரண்டு, பதின்மூன்று நின்றிருக்கின்றன. ஒவ்வொரு புளியங்கொட்டைக்கும் இரண்டு மூன்று தாராக்களை விட்டிருக்கிறேன். எட்டு வருடமும்.

நானா தோளில் கை வைத்தார். அவருடைய குரல் மிகவும் கனிவாக இருந்தது.

"எம்பது எண்டே எழுதுங்க சேர். ஐநூத்திப் பத்தெண்டே இரிக்கட்டும். நான் ஐநூத்தி ஏழு எண்டு சொல்றன்."

நான் கையைத் தட்டிவிட்டேன்.

"நான் குறைவா எண்ணுறன் எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் தாராக் கூட்டத்தைக் கையால் காட்டினார். "பாத்தாத் தெரியும் தானே சேர். ஒரு குவியலைப் பாத்தா நூறா எம்பதா எண்டு கண்ணுக்குத் தெரியும். அதுதானே எங்கட தொழில்."

"எப்ப எண்டு கேட்டனான்."

"முதல் வருசமே. நீங்க நானூத்தி எழுவது எண்டீங்க. நான் வந்து இறங்கேக்கயே ஒரு அறுநூறு இரிக்கும் எண்டு நினைச்சன்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்க பெரிய கந்தோர்ல கணக்குப் பாக்கிற ஆள். நான் மூட்டை எண்ணி. உங்கட கணக்கு பிழை எண்டு எப்பிடிச் சொல்றது? பிறகு வாற வருசம் நீங்க என்னைக் கூட்டிக்கொண்டு வருவீங்களா?"

அவர் எண்ணாமல் விட்டதைக்கூட ஒரு நாள் பொறுத்திருப்பேன். சோம்பல், பகிடி, பழக்கதோஷம் என்று ஏதாவது பெயர் வைத்திருப்பேன். முதல் ஞாயிறன்றே அவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை, "சேர், கூட இரிக்குமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே ஒரு கூட்டத்தை ஒன்றொன்றாக எண்ணி, என் பத்தைத் திருத்தி, எட்டு வருடத்தையும் நேராக எண்ணியிருப்பேன். வாசிக்கும்போது என் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டு, அந்த முகத்துக்காக மூன்றைக் கூட்டி, நான்கைக் குறைத்து, என் பொய்க்கு எட்டுத் தரம் சாட்சி சொல்லியிருக்கிறார். அதற்குப் பெயர் மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டு.

அன்று மருத மரத்தின் கீழ் இருக்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் அவர் முன் கதவால் ஏறினார், நான் பின் கதவால் ஏறினேன். தம்பலகாமம் தாண்டும்வரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். இறங்கும்போது வெறும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் கையில் தந்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் ஐந்து நாட்கள் அந்த எட்டு வருடத்தையும் காப்பாற்றப் பார்த்தேன். நூற்றொன்றை எண்பதால் பிரித்தால் ஒன்றேகாலும் சொச்சமும். எல்லா எண்களையும் ஒன்றேகாலால் பெருக்கினால் என்ன? பெருக்கியும் பார்த்தேன். அழகான எண்கள் வந்தன. ஆனால் தாரா நெருக்கமாக நின்றால்தான் ஒன்றேகால். ஐதாக நின்றால் பிழை குறையும். மூன்றாவது வருடம் அவை எப்படி நின்றன? காற்றடித்த ஆறாவது வருடம்? எனக்கு ஞாபகமில்லை. அதை எழுதி வைக்கவில்லை. இரண்டாவது ஆளின் கணக்கு இருந்தது என்ற தைரியத்தில் எழுதி வைக்கவில்லை. மனைவி குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் அந்தத் தாராவோ?"

நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "என்ரை புட்டிலை உப்புக் கூடிப்போச்சு எண்டோ எழுதி வைச்சவர்?" என்றாள். அவளுக்கும் ஒரு கோபம் வேண்டியிருந்தது.

ஆறாவது நாள் காலை நானா வந்தார். வெள்ளைச் சாரம், தோய்த்த சட்டை, பையில் பேனா. கொழும்புப் படிவத்தைப் பற்றி நான் முன்பே சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் கையெழுத்துக்கு வருவதாகப் பேச்சு. கதிரையில் இருந்து, மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "எங்க சேர் வெக்கோணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணினது எண்டு இருக்கு. வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தார். "சரிதானே," என்றார். "தனித்தனியாத்தானே இருந்தம்."

நான் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். அவர் பேனாவின் மூடியை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினார். "சேருக்கு இன்னும் கோவம் போகல்ல," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எழும்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த முட்டை நாலும் குஞ்சு பொரிச்சிட்டாம் சேர், துருசுக்காரன் சொன்னான்," என்றார்.

சங்கத்துக்கு நான்கு வரி எழுதினேன். கந்தளாய்க் குளத்துக் கணக்குகள் என்னிடம் உள்ளன, ஆனால் அச்சிடத் தகுந்தவை அல்ல, மன்னிக்கவும் என்று. காரணம் எழுதவில்லை. காரணத்தை எழுதினால் இருவரில் யாருடைய பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் அவர்களுடைய சிறு புத்தகம் தபாலில் வந்தது. குளங்களின் பெயர்கள் இடது பக்கம், எண்கள் நடுவில், எண்ணியவர்களின் பெயர்கள் வலது பக்கம். பதினான்கு குளங்கள். கந்தளாய்க்கு நேரே எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறிய கோடு, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு கோடு.

அந்தப் பங்குனி நான் போகவில்லை. நானா தனியாகப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். மாதம் முடியுமுன் கடைத்தெருவில் எதிரே வந்தார். நான் வீதியைக் கடப்பதற்குள் கையைப் பிடித்துவிட்டார். புத்தகத்தைப் பார்த்திருக்கிறார், துறைமுகத்தில் யாரோ காட்டியிருக்கிறார்கள்.

"ஏன் சேர் நம்மட குளத்துக்குக் கோடு போட்டிரிக்கு?"

"கணக்கு இல்லை. அதாலே."

"எட்டு வருசக் கணக்கு இரிந்துதே!" உண்மையாகவே பதறினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒருவேளை நான் மறந்துவிட்டேனோ என்பதுபோல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே கணக்குத்தானே சேர் சொன்னம்?"

நான் கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு காலடி.